வாய்ச்சொல்லாக வரும் உத்தரவு

அரசு ஊழியரின் நேர்மை என்று பேச்சு வந்தால் எல்லோரும் லஞ்சத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். யார் எவ்வளவு வாங்கினார், யார் மாட்டிக்கொண்டார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். புதுச்சேரி அரசில் முப்பத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் நான் வேறு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண குமாஸ்தாவின் மேசைக்கு யாரும் நோட்டுக்கட்டைக் கொண்டுவந்து நீட்டுவதில்லை. எங்களுக்கு வரும் சோதனை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகத்தான் வரும். மேலே இருப்பவர் அறைக்குக் கூப்பிடுவார். "அதைக் கொஞ்சம் பாத்துப் போட்டுடுங்க" என்பார். காகிதம் இருக்காது, கையெழுத்து இருக்காது. நாளைக்கு விசாரணை வந்தால் ஃபைலில் இருப்பது நம் கையெழுத்து மட்டும்தான்.

யூனியன் பிரதேசம் என்பதால் எங்களுக்கு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964 பொருந்தும். அந்த வருஷத்துக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. ஊழல் தடுப்புக்காக கே. சந்தானம் தலைமையில் 1962-ல் அமைத்த குழு அறிக்கை கொடுத்ததும், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அமைந்ததும் 1964-ல்தான். விதிப்புத்தகத்தில் பரிசுப் பொருள், சொத்துக் கணக்கு, அரசியல் கட்சி என்று பலவும் இருக்கும். ஆனால் குமாஸ்தாவுக்கு உயிர்நாடி 3-வது விதி. பூரண நேர்மையோடும் கடமையுணர்வோடும் இருக்க வேண்டும், அரசு ஊழியருக்குத் தகாத காரியம் எதையும் செய்யக் கூடாது என்று அது தொடங்கும். அதை எல்லோரும் படித்திருப்பார்கள். அதே விதியில் கொஞ்சம் கீழே இருப்பதைப் பலர் படிப்பதில்லை. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில்தான் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால், உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். கீழே இருப்பவர் அந்த உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும். அவர் கேட்டால் கொடுப்பது மேலதிகாரியின் கடமை.

இன்னொன்றும் அங்கேயே இருக்கிறது. தன் அதிகாரத்துக்குள் தானே முடிக்க வேண்டிய வேலைக்கெல்லாம் "மேலிடத்து உத்தரவு வரட்டும்" என்று சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இந்த விதியைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இதை மறந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பைசா தொடாமல், ஒரு ஃபைலையும் நகர்த்தாமல், ரொம்ப நேர்மையானவர் என்று பெயர் வாங்கி ஓய்வுபெற்றவர்கள் உண்டு. குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு விதவை ஆறு மாதம் நடையாய் நடந்தால், அந்த ஆறு மாதமும் அவர் செலவழித்த பஸ் காசு லஞ்சக் கணக்கில் வராது. ஆனாலும் அது அந்த அம்மாவிடமிருந்து பறித்ததுதான்.

1991-ல் நான் ஒரு அலுவலகத்தில் யு.டி.சி. தபால் பதிவேடு என் பொறுப்பு. ஒரு ஒதுக்கீட்டுக்கு மனு கேட்டிருந்தார்கள். கடைசித் தேதி முடிந்து நாலாம் நாள் ஒரு மனு வந்தது. அன்று மாலை என் மேலதிகாரி கூப்பிட்டு, அதைக் கடைசித் தேதியிலேயே வந்ததாகப் பதிந்துவிடச் சொன்னார். பணம் பற்றிய பேச்சே இல்லை. "பாவம், நமக்குத் தெரிஞ்சவங்கதான்" என்றார். நான், "ஃபைல்ல ஒரு வரி எழுதி அனுப்புங்க சார், நானும் என் நோட்டை எழுதி வைக்கிறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார். எழுத்து வரவில்லை. வந்த தேதியையே பதிந்தேன்.

எழுதிக் கொடுத்திருந்தால் செய்திருப்பாயா என்று நண்பர் ஒருவர் பிற்பாடு கேட்டார். நியாயமான கேள்விதான். எழுத்தில் வந்துவிட்டால் பொய் உண்மையாகிவிடாது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால், அந்த நாட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்ததுண்டு. அங்கே 1983-ல் வந்த அரசு ஊழியர் சட்டத்தின் 28-வது பிரிவு, மேலதிகாரி சொல்வதைச் செய்தாக வேண்டும் என்றது. அதற்கு ஒரு விலக்கும் வைத்திருந்தது. உத்தரவு வெளிப்படையாகவே சட்டவிரோதமாக இருந்து, பொதுநலனுக்கும் கடுமையான கேடு செய்யுமானால் கீழ்ப்படிய வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பிடிக்காத உத்தரவையெல்லாம் மறுக்க அங்கேயும் வழியில்லை. ஆனால் பொய்த்தேதி போடுவது பிடிக்காத வேலை என்ற வகையைச் சேர்ந்ததல்ல. அது பொய்ப்பதிவு. எழுத்தில் வந்திருந்தாலும் விதியை எடுத்துக் காட்டி நோட் எழுதி, ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பேன். எழுத்தில் கேட்பதால் கிடைக்கும் பெரிய பலன், தவறான உத்தரவுகளில் முக்கால்வாசி அந்த இடத்திலேயே மறைந்துவிடும் என்பதுதான்.

ஆறு வாரம் கழித்து ஏனாமுக்கு மாற்றல் வந்தது. "நிர்வாக நலன் கருதி" என்று போட்டிருந்தது. நம் ஊர் ஊழியர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். கோதாவரிக் கரையில், 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊர். மதராசில் ரயில் ஏறி, காக்கிநாடா போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் நாலு மாதம் என் மனைவி தனியாக அத்தனையும் பார்த்தாள்.

ஒரு தடவை லீவில் வந்திருந்தபோது சொன்னாள்: "ஏங்க, நேர்மையா இருந்தது நீங்க. அதுக்குக் கூலி குடுக்கறது நானு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" கோபமாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே சொன்னாள். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. நேர்மையைப் பாராட்டி மேடையில் பேசுகிறவர்கள் யாரும் நேர்மையானவரின் வீட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மனுதாரருக்கு அடுத்த வருஷம் முறைப்படியே வேறொரு இடம் கிடைத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அப்படியானால் நான் என்ன சாதித்தேன்? இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில், கடைசித் தேதிக்குள் வந்த வேறு மனுக்களும் இருந்தன. காலையிலேயே பஸ் பிடித்து வந்து, கியூவில் நின்று, மனுவைக் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்களில் ஒருவர் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. சிபாரிசோடு வருகிறவருக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, "பாவம்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. நஷ்டப்படுகிறவர் பதிவேட்டில் ஒரு நம்பர். அந்த நம்பருக்காகப் பேச அந்த அறையில் குமாஸ்தாவைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் செய்தது அவ்வளவுதான். மனைவியிடம் இதைச் சொன்னபோது, "அதுவும் சரிதான்" என்றாள். ஆனால் தன் கேள்வியை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியனும் ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகள் பலரும் போட்ட வழக்கு. வாய்மொழி உத்தரவின் பேரில் அரசு ஊழியர்கள் செயல்படக் கூடாது, அப்படி வந்தால் அதைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வாய்மொழியாகவே எல்லாம் நடந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கே பொருளில்லாமல் போய்விடும் என்றும் சுட்டிக்காட்டியது. ஒரு பதவியில் குறைந்தபட்சக் காலம் இருக்க வழிசெய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. நான் பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு வந்த தீர்ப்பு. ஆனாலும் படித்தபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. நேர்மைக்குத் தைரியம் தேவைப்படாதபடி விதிகள் காப்பாற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் தாங்கிக்கொள்ள ஒருத்தி இருப்பாள் என்று அரசாங்கம் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இப்போது ஃபைல்கள் கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. தேதியும் நேரமும் தானாகவே பதிவாகின்றன. அன்று என்னிடம் கேட்டதை இன்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் செல்போன் வந்துவிட்டது. வாய்ச்சொல் அதில் வருகிறது. உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அரசு வேலையில் சேர்ந்திருந்தால் ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். சண்டை போட வேண்டாம், பிரசங்கம் செய்ய வேண்டாம். போனில் உத்தரவு வந்த அன்றே, "இன்று தாங்கள் தொலைபேசியில் கூறியதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்" என்று மரியாதையாக ஒரு வரி எழுதி அனுப்பட்டும். அதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து, ஏனாமோ மாஹேயோ போக வேண்டி வந்தால் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தை பேசியும் வைத்துக்கொள்ளட்டும்.