கல்விச்சபைக் கதிரை

ஜூன் 28, 2025. ஸ்காபரோ.

நேற்று ஒன்ராறியோ அரசு நான்கு கல்விச்சபைகளைத் தன் மேற்பார்வைக்குள் எடுத்துவிட்டது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையும் அதில் ஒன்று. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த உறுப்பினர்கள் பெயருக்கு இருக்கிறார்கள். முடிவெடுப்பது மாகாணம் நியமித்த மேற்பார்வையாளர். "இனி பிள்ளையின்ர விசயத்தை ஆரிட்டக் கேக்கிறது, அக்கா?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி காலையிலேயே வந்துவிட்டாள். அவளுடைய மகனுக்கு வகுப்பில் துணைக்கு ஒருவர் வேண்டும்.

இந்தப் பறிப்பு நேற்றுத் தொடங்கியதல்ல. கல்விச்சபைகள் வரி விதிக்கும் உரிமையை இழந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. காசு மாகாணத்தின் கையில், பழி உறுப்பினரின் தலையில்.

ஆகஸ்ட் 17

ஸ்காபரோ-ரூஜ் பார்க்கில் நகரசபை இடைத்தேர்தல். ஜெனிபர் மெக்கெல்வி நாடாளுமன்றத்துக்குப் போனதால் வெற்றிடமான தொகுதி. கல்விச்சபைத் தலைவர் நீதன் சாண் போட்டியிடுகிறார். கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் இதே கதைதான். "கல்விச்சபை இவையளுக்கு ஏறிப்போற படி" என்றார் ஓர் அண்ணை.

எனக்கு அது சரியாகப் படவில்லை. நீதன் 2006இல் யோர்க் வட்டாரக் கல்விச்சபைக்குத் தெரிவானவர். 2016இல் ரொறன்ரோ கல்விச்சபை, 2017இல் நகரசபை. மறு ஆண்டு டக் ஃபோர்டின் மாகாண அரசு நகரசபைத் தொகுதிகளை 25 ஆகக் குறைத்தபோது, 200க்கும் குறைவான வாக்குகளால் மெக்கெல்வியிடம் தோற்றார். 2022இல் திரும்பவும் கல்விச்சபைக்கே வந்தார். ஏறிப்போகவென்று மட்டும் வந்தவர் திரும்பி வந்திருப்பாரா? பார்த்தி கந்தவேள் ஒன்பது ஆண்டுகள் கல்விச்சபையில் இருந்துவிட்டுத்தான் 2023இல் நகரசபைக்குப் போனார். மேயர் ஒலிவியா சௌவின் பொதுவாழ்வும் 1985இல் கல்விச்சபையில் தொடங்கியதுதான்.

செப்டம்பர் 9

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. காலையில் பேத்தியைக் கூட்டிப் போகையில், வாசலுக்கு முன்னால் கார்கள் நிற்காமல் ஓடுகின்றன. வேலிக்கு உள்ளே கல்விச்சபை, வெளியே நடைபாதையும் வேகத்தடையும் வீதி கடக்க உதவுபவரும் நகரசபை. மாரியில் அந்த நடைபாதைப் பனியை வழிப்பதும் நகரசபைதான். பிள்ளைக்கோ வீட்டிலிருந்து வகுப்பு வரை ஒரே வழி. தாய்மார் முறைப்பாட்டைக் கொண்டுபோவது தங்களுக்குத் தெரிந்த கல்விச்சபை உறுப்பினரிடம். அவர் வேலிக்கு வெளியே எதுவும் செய்ய முடியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெருத்தெருவாக ஊரை அறிந்த ஒருவர், அந்தத் தெருவைத் திருத்தும் அதிகாரத்தைத் தேடிப் போவதில் குற்றம் காண என்னால் முடியாது.

செப்டம்பர் 30

நேற்று நீதன் வென்றுவிட்டார். மகிழ்ச்சி. மத்தியானம் வரை தொலைபேசி ஓயவில்லை.

ஆனால் அவர் விட்டுப்போகும் கதிரையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது மனதை அறுக்கிறது. சிறப்புக் கல்வி, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்ற எல்லை: இவையெல்லாம் அந்தச் சபையில் பேசப்பட வேண்டியவை. நல்லவர்கள் போகிறார்கள் என்று குறைப்படுகிறோம். அவர்கள் இருந்த இடத்தில் அதிகாரம் இல்லாமல் செய்தவர்களிடம் நாம் எதுவும் கேட்பதில்லை. தங்கச்சியின் மகனுக்கு இன்னும் துணை கிடைக்கவில்லை; கவுன்சிலரால் அதைச் செய்ய முடியாது.

எங்கள் மாகாண உறுப்பினர் விஜய் தணிகாசலம் ஆளும் கட்சிக்காரர், தமிழர். கல்விச்சபைக்கு அதன் உரிமையைத் திருப்பித் தரச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தங்கச்சி கையெழுத்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த அண்ணையிடமும் கையெழுத்துக் கேட்கப் போகிறேன்.