சார் வெளியூர் போயிருக்கார்

கீழ் வீட்டு அக்கா போன் செய்தார். அவர் சமையலறைச் சீலிங்கில் சொட்டுகிறது; மேலே எங்கள் குளியலறை. கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை இரண்டு நாள் மூடி வைத்துப் பார்த்தேன். சொட்டவில்லை. அப்படியென்றால் சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாய்தான்.

பிளம்பர் செருப்பைக் கழற்றும்போதே, "சார் இல்லையா மேடம்?" என்றார். "வெளியூர் போயிருக்கார்" என்றேன். விவாகரத்தாகி ஏழு வருடம். வகுப்பில் பெண்மொழி பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவள் சொன்ன பொய் அது. முன்பின் தெரியாத ஆள் உள்ளே நிற்கும்போது வேறென்ன சொல்வது?

வெந்நீர் லைன் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. தரையை உடைத்தார். கூலி, சிமெண்ட், டைல்ஸ் எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய். கௌரவ விரிவுரையாளரான எனக்கு மாதம் 25,000. நான்காம் நாள் மறுபடி சொட்டியது.

திருச்சியிலிருந்து தம்பி போனில் அவரிடம் அதையே சொன்னான். "கரெக்ட் சார், ஹாட் வாட்டர் லைன்தான் சார்!" அரை மணியில் சுவர் திறந்தது. விரிசல் விட்ட ஒரு சிபிவிசி எல்போ. புதிதின் விலை 40 ரூபாய். (தம்பிக்கு ஆங்கிள் காக் எதுவென்றே தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தேன்.)

பழைய டிசைன் டைல்ஸ் கடையில் இல்லை. நீலத்துக்கு நடுவே இப்போது மூன்று வெள்ளை. கிளம்பும்போது, "சார் வந்ததும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க மேடம்" என்றார்.

சொல்கிறேன் என்றேன்.