ஆனையிறவில் ஏற மலை இல்லை

"எங்க வெளிக்கிட்டியள் தம்பி, விடியமுன்னம்?"

பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்த பெரியவர் கேட்டார். நேரம் ஐந்தேகால். இயக்கச்சி மட்டும் நடக்கப் போகிறேன், ஆனையிறவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நடந்தோ? அதில என்ன கிடக்குது பாக்க? வெறும் வெளிதானே."

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த வெளியைப் பார்க்கத்தான் நான் போனேன்.

இந்தத் தீவில் காட்சி பார்க்க நடப்பது என்றால் சனம் எல்லவுக்குப் போகிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போய் உலக முடிவின் விளிம்பில் நின்று படமெடுக்கிறது. சிவனொளிபாதத்தில் இரவிரவாக ஏறுகிறது. எல்லாம் மலைநாட்டில். வடக்கே வர வர நிலம் தட்டையாகி, கிளிநொச்சி தாண்டினால் ஏறுவதற்கு ஒரு புட்டிகூடக் கிடையாது. ஆனாலும் நான் இதுவரை நின்று பார்த்த இடங்களில் கண்ணை முழுதாக நிறைத்தது ஆனையிறவுதான். அதை யாழ்ப்பாணத்துக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான பேர் பஸ் யன்னலால் சில நிமிடம் பார்ப்பதோடு சரி. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

பரந்தனிலிருந்து இயக்கச்சிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் இருக்கும். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் ஏ9 வீதியில் இது ஒரு சின்னத் துண்டு. ரயில் பாதையும் கூடவே வருகிறது. பங்குனி மாதம் என்பதால் பெரும்போக வெட்டு முடிந்து, உமையாள்புரத்து வயல்களில் ஒட்டு மட்டும் நின்றது. சூட்டடித்த வைக்கோல் வாசம் பனியோடு கலந்து வந்தது. நாய்கள் இரண்டு கொஞ்சத் தூரம் கூட வந்துவிட்டுத் திரும்பிப் போயின.

பரந்தனைச் சொல்லும்போது இரசாயனத் தொழிற்சாலையைச் சொல்லாமல் விட முடியாது. 1950களில் ஆனையிறவு உப்பை நம்பி எழுந்த தொழிற்சாலை அது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். நாட்டின் குடிதண்ணீரைச் சுத்தமாக்கிய குளோரின் இந்த மண்ணிலிருந்து போனது. எண்பதுகளில் போர் அதை நிறுத்தியது. பிறகு மிஞ்சியது ஓட்டை விழுந்த சுவர்கள்.

உமையாள்புரம் கழியக் கழிய மண்ணின் நிறம் மாறுகிறது. வயல் வரம்பு முடிந்து, பற்றை முடிந்து, தரை சாம்பல் வெள்ளையாகிறது. ஒவ்வொரு மாட்டுக் குளம்படிக்குள்ளும் கொஞ்சம் உப்புப் பூத்திருக்கிறது. உமரிச் செடி மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்து, வெயிலுக்குச் சிவக்கத் தொடங்கியிருந்தது. வீதியோரத்தில் ஒரு தண்டைக் கிள்ளி வாயில் வைத்தேன். முதலில் தண்ணீர், பிறகு உப்பு. கடல் வருகிறது என்று நாக்குக்கு முதலில் தெரிந்தது.

தட்டுவன்கொட்டிப் பக்கம் வரும்போது விடிந்துவிட்டது. இரண்டு கரையிலும் தண்ணீர் விரிந்தது.

வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோல் இல்லை, தரையிலிருந்து எழும்புவதுபோல் இருந்தது. மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, கிழக்கே சுண்டிக்குளம் வரை நீளும் பரவைக் கடல். நிற்கிற மனிதனின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தட்டையான தண்ணீரின் மேல் நாலரைக் கிலோமீற்றர்தான் தெரியும். அதற்கப்பால் பூமி வளைந்து மறைத்துவிடும். ஆனால் அக்கரையில் இருபது மீற்றர்ப் பனை ஒன்று நின்றால், காற்றுத் தெளிவாயிருக்கும் காலையில், இருபது கிலோமீற்றர் தள்ளியும் அதன் தலை தெரியலாம். அடி தெரியாது. அதனால் தண்ணீரின் விளிம்பில் பனந்தலைகள் மட்டும் வேரில்லாமல் மிதந்தன. மலையில் நிற்பவன் ஊரைக் கீழே பார்க்கிறான். இங்கே ஊர் எங்கள் கண்மட்டத்தில் நிற்கிறது, எதையும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

கிழக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கோடு. உப்பு என்று நினைத்தேன். கோடு அசைந்தது. பூநாரைகள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்றை வடித்து வடித்துத் தின்றன. ஒரு லொறி ஹோண் அடித்ததும் நூறு, நூற்றைம்பது பறவை ஒன்றாக எழும்பின. அப்போதுதான் செட்டையின் உட்பக்கச் சிவப்பு தெரிந்தது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015இல் தேசிய பூங்கா ஆனது.

இரணைமடுக் குளத்தைத் தாண்டி வரும் கனகராயன் ஆறு கலப்பதும் இந்தக் கிழக்கு நீரேரியில்தான். மாரியில் ஆற்று வெள்ளம் வந்து, வீணே கடலில் போகிறது. அந்தத் தண்ணீரை இங்கேயே மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கு விட்டால் குடாநாட்டுக் கிணறுகள் உவராகாது என்று 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் திட்டம் வரைந்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று பெயர். அணைகள் எழுந்தன, வாய்க்கால் முடியவில்லை. ஒரு ஆறு நாலு கிலோமீற்றர் வாய்க்காலுக்காக இத்தனை காலம் காத்திருக்கிறது. நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

ஏழு மணி போல யாழ்ப்பாணப் பக்கமிருந்து ரயில் வந்தது. தண்ணீருக்கு நடுவே வருகிற ரயிலைச் சத்தத்துக்கு முதல் கண் பிடித்துவிடும். 1905இல் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை பாதை முழுதாகத் திறந்தது. 1956 சித்திரையில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 ஆனியில் நின்றது. அதன்பின் தண்டவாளங்கள் காவலரணுக்குப் போயின, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிக் கூரைக்குப் போயின. இந்தியக் கடனில் மறுபடி போட்டு, 2013இல் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் இந்தத் தண்ணீரைக் கடந்து பளைக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வந்தது. பெட்டியில் ஒரு பிள்ளை கை காட்டியது. நானும் காட்டினேன்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இறத்தல் என்றால் பழந்தமிழில் கடத்தல். யானை கடக்கும் இடம் ஆனையிறவு. வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் பிறகு ஒல்லாந்தருக்கும் திறையாக யானை கொடுத்தன. பிடித்த யானைகளை இந்த ஆழமில்லாத நீரால் நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். கோல்கொண்டாவிலிருந்தும் வாங்க வந்தார்கள். கடப்பதைக் காக்க ஒல்லாந்தர் இங்கும், கிழக்கே பெஸ்குட்டர், பைல் என்னும் இடங்களிலும் சிறு கோட்டை வைத்தார்கள். ஆக, வரி வாங்கவும் மறிக்கவும் காவல் நின்ற இடம் இது நெடுங்காலமாக.

இறத்தலுக்குச் சாவு என்ற மற்றப் பொருளும் உண்டு. அதையும் இந்த இடம் பார்த்துவிட்டது. 1991 ஆடியில் பெருஞ்சமர். 2000 ஏப்ரல் 22இல் இங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. 2009 ஜனவரி 9இல் இராணுவம் திரும்பப் பிடித்தது. இன்று வீதியோரம் 1991 சமரின் கவச புல்டோசரும் அதை மறித்து உயிர்விட்ட சிப்பாய் காமினி குலரத்னவின் சிலையும் நிற்கின்றன. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கே நிற்கும். சிங்களத் தாய் ஒருத்தி சிலையின் முன் அழுததை ஒருமுறை பார்த்தேன். அந்த அழுகையில் எனக்கு மாறுபாடில்லை. இதே மண்ணில் பிள்ளையைப் பறிகொடுத்த எங்கள் தாய்மாருக்கு நின்று அழ ஒரு கல் இங்கே இல்லை என்பதுதான் என் வழக்கு.

வீதி மூடியிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சனம் கிழக்கே ஊரியான், கொம்படிப் பக்கத்தால் சைக்கிளைத் தோளில் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து கடந்தது. பிறகு கிளாலியில் இரவு வள்ளங்கள். யானைகள் நடந்த நீரில் எங்கள் ஆட்கள் நடந்தார்கள். என் அம்மா இப்போதும் பஸ் இவ்விடத்துக்கு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவா.

உப்பளம் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. பாத்திகளில் பெண்கள் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு அக்கா நிமிர்ந்து, "தண்ணி கொண்டந்தனியளோ தம்பி? இஞ்ச நிழல் ஒண்டும் இல்லை" என்றா. போத்தலைக் காட்டினேன். "காணாது" என்றுவிட்டுத் தன் கானிலிருந்து ஊற்றித் தந்தா. வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"கண்ட பாட்டுக்கு உப்பு விளையாது. தண்ணி பாத்தி பாத்தியாப் பழுத்து வரவேணும். அவசரப்பட்டா மண் வரும், பிந்தினாக் கைக்கும்."

அவ சொன்னதுதான் இரசாயனமும். நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும். உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவில் 25 பாகை தாண்டியதும் உப்புப் பொரியத் தொடங்கும். 30க்குக் கிட்டப் போனால் மக்னீசியம் சேர்ந்து கைப்பாகிவிடும். அதற்கு முன் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்றே பாதி வேலை செய்துவிடும். கையில் ஒரு கல் உப்பை வைத்துத் தந்தா. பார்த்தேன்: சிறிய சதுரப் பெட்டி, நடுவில் படிபடியாகக் குழிந்து, அடியில் ஒரு துளி தண்ணீர் அடைபட்டிருந்தது.

2025 மார்ச்சில் இங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தபோது பைக்கு 'ரஜ லுணு' என்று பெயர் வைத்தார்கள். ஆனையிறவு உப்பு என்றே இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். இந்த உப்பை விளைத்தது இந்தத் தண்ணீரும் இந்தப் பெண்களின் கையும். ஊர்ப் பெயரை அதில் எழுதுவது சலுகை ஆகாது.

அதன்பின் இயக்கச்சி வரை சொல்ல அதிகமில்லை. தரை மறுபடி மணலாகி, பனை அடியோடு தெரியத் தொடங்கி, தென்னந்தோட்டங்கள் வந்தன. வடக்கே பளைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழன்றன. ஒன்பதரைக்குச் சந்தியில் ஒரு இளநீர் குடித்துவிட்டு, கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினேன். நாலு மணித்தியாலத்துக்கு மேல் நடந்ததைப் பஸ் கால் மணித்தியாலத்துக்குள் கடந்துவிட்டது. பக்கத்திலிருந்த பொடியன் ஃபோனிலிருந்து தலை நிமிரவில்லை.

நீங்கள் போவதானால் கார்த்திகை முதல் பங்குனி வரை போங்கள், பறவைகள் இருக்கும். விடியமுன் பரந்தனில் இறங்குங்கள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீரும் ஒரு தொப்பியும் கட்டாயம். தண்டவாளத்தில் நடக்காதீர்கள். வீதியை விட்டுப் பற்றைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்கவே இறங்காதீர்கள். இந்தப் பகுதியில் மிதிவெடி எடுக்கும் வேலை நெடுங்காலம் நடந்த இடங்கள் உண்டு, சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் விரியும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். உப்புப் பாத்தியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள், அவர்கள் தண்ணீர் தருவார்கள்.