அழிந்த கோடும் அழியாத குறையும்



மதரஸாவில் பிள்ளைகள் ஓதும்போது தவறும் இடங்களை நாம் பென்சிலால்தான் குறித்து வைப்பது வழக்கம். பிழை திருந்தியதும் குறியை அழித்துவிடலாம். சென்ற ஆண்டு நம் தங்கையின் மகன் வந்து, "மாமா, அந்தப் பென்சிலைக் கொஞ்சம் தாங்க" என்றான். பொறியியல் படிக்கும் பிள்ளை, ஏதேனும் வரைபடம் போடுவான் என்று எண்ணி, எதற்கு என்று கேளாமலேயே கொடுத்துவிட்டோம்.

மறுவாரம் அவன் கணினியைத் திறந்து காட்டியபோதுதான் செய்தி விளங்கியது. அதில் இருந்தது அவன் சேமித்த பணத்தில் பழையதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. நம் மதரஸாவின் பாடக் காணொளிகளையும் அவன் அதில்தான் தொகுத்துத் தருவான். கார்டின் பலகையில் எறும்பின் தலையளவே இருந்த ஒரு ரெசிஸ்டரின்மீது நம் பென்சிலால் கறுப்பாகத் தீட்டியிருந்தான்.

"இது எதற்கு வாப்பா?" என்று கேட்டோம்.

"வோல்டேஜ் ஏத்தியிருக்கேன் மாமா. இனி இன்னும் வேகமா ஓடும்."

அவன் விளக்கியதை நாம் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறோம். கார்டுக்குள் வரும் மின்சாரம் 12 வோல்ட். அதன் முதன்மைச் சிப்புக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட்தான். இடையில் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப், சில ரெசிஸ்டர்கள் வழியே திரும்பி வரும் அளவைப் பார்த்து, கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். அதை ரெசிஸ்டரின்மேல் பூசினால் தடை குறையும். உடனே கட்டுப்பாட்டுச் சிப், மின்னழுத்தம் போதவில்லை என்று ஏமாந்து மேலும் கூட்டிக் கொடுக்கும். சிலர் பென்சிலுக்குப் பதிலாகத் திருகிக் கூட்டக்கூடிய ரெசிஸ்டரையே சால்டர் செய்து இணைப்பார்களாம். மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனை ஊற்றிச் சாதனை படைக்கப் போட்டியிடுவோரும் இப்படிச் செய்வதுண்டு. அந்தக் கார்டு அன்றே கருகிப் போகலாம் என்று அறிந்தே அவர்கள் அமர்கிறார்கள். வீட்டில் அன்றாடம் ஓடும் கணினிக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

நம் தவற்றையும் இங்கே மறைக்கக் கூடாது. பாடங்கள் சற்று விரைவாகத் தயாரானதைக் கண்டு நாமும் மகிழ்ந்து, "மாஷா அல்லாஹ்" என்று சொன்னோம். அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கேட்கவில்லை.

விலை இதுதான். சிப் உண்ணும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 1 வோல்ட்டை 1.2 ஆக்கினால் வெப்பம் 44 விழுக்காடு கூடும். அதனுடன் வேகத்தையும் 10 விழுக்காடு கூட்டினால், 100 வாட் எடுத்த சிப் 158 வாட் எடுக்கும். ஆனால் கார்டு செருகப்படும் இடம் தரக்கூடியது 75 வாட்; ஆறு முனை இணைப்பு தரக்கூடியது இன்னொரு 75 வாட். ஆக 150 வாட்டுக்கு வகுத்த வழியில் அதற்கு மேல் பாய்கிறது. இத்தனைக்கும் கிடைத்த பலன், ஒரு மணி நேர வேலை ஐந்தாறு நிமிடம் முன்னதாக முடிவதே.

மூன்று மாதம் கழிந்தது. ரமளானுக்கு முன்னர் பாடங்களை முடிக்க வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தியதால், ஓர் இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டு உறங்கிவிட்டான். அது இருந்தது நம் உம்மா படுக்கும் அறை. தஹஜ்ஜுதுக்கு எழுந்த உம்மா, ரப்பர் கருகும் வாடையை உணர்ந்து சுவிட்சை அணைத்துவிட்டார்கள். காலையில் பார்த்தால், கார்டில் செருகிய இணைப்பின் ஒரு மூலை பழுத்து இளகியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் நேரவில்லை. மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று சூட்டில் பழுதாகி உட்புறம் ஒட்டிக்கொண்டால், 1 வோல்ட் தாங்கும் சிப்புக்குள் 12 வோல்ட் நேரே நுழைந்துவிடும் என்பதைப் பின்னர் அவனே சொன்னான்.

அன்றே ரப்பர் கொண்டு கோட்டை அழித்து, இளகிய இணைப்பையும் மாற்றினான். மல்டிமீட்டர் பழைய அளவைக் காட்டியது. ஆயினும், கடினமான வேலை கொடுத்தால் திரையில் வண்ணப் புள்ளிகள் சிதறின. கார்டின் வேகத்தை வாங்கியபோது இருந்ததைவிடக் குறைத்த பின்னரே அவை மறைந்தன.

தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் கார்டை விற்க முனைந்தான். பக்கத்து ஊர் மாணவர் ஒருவர் 4,000 ரூபாய்க்கு வாங்க இசைந்திருந்தார். அவரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டோம்.

"கோட்டைத்தான் அழிச்சிட்டேனே மாமா. மீட்டர்லயும் சரியா காட்டுது."

கோடு அழிந்தது உண்மை. ஆனால் சிப்பினுள் முடியினும் மெல்லிய உலோகப் பாதைகள் உள்ளன. மிகுந்த மின்னோட்டமும் வெப்பமும் அவற்றின் அணுக்களையே சிறிது சிறிதாக இடம்பெயர்த்துவிடும். சில அணுக்களின் தடிமனே கொண்ட காப்புப் படலங்களும் மெல்ல நைந்துபோகும். அந்தத் தேய்மானத்தை எந்த ரப்பராலும் அழிக்க முடியாது. வாங்குபவரின் கண்ணுக்கும் அது தெரியாது.

விற்பனைக்கு வைத்த உணவுக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்று கண்டித்த நிகழ்வை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். அதை அவனுக்கு நினைவூட்டி, ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னோம்: அந்த வணிகரின் தானியத்தை நனைத்தது மழை, இந்தக் கார்டை நனைத்ததோ நம் கை.

நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு நம் முன்னிலையிலேயே அந்த மாணவரை அழைத்து நடந்ததை முழுவதும் சொன்னான். அவர் நன்றி கூறி, வேண்டாம் என்றார். 4,000 ரூபாய் போயிற்று. அந்த வேகத்தில் தயாரானவை நம் பாடங்களும் அல்லவா? ஆகவே தேர்வுக் கட்டணத்தில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். மீதிக்கு அவன் விடுமுறையில் ஒரு கடையில் வேலை செய்தான்.

பெற்றோரே! பிள்ளைகள் கணினியைத் திறந்தால் அஞ்சித் தடுக்க வேண்டாம், அறிவு வளரட்டும். ஆனால் என்ன செய்கிறாய், அதன் சூட்டை யார் தாங்குவது என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். நாம் கேட்கத் தவறினோம். இளைஞர்களே! மின்னழுத்தம் கூட்டிய கார்டை ஆளில்லாமல் இரவில் ஓடவிடாதீர்கள். கோட்டை அழித்துவிட்டு, ஒன்றுமே செய்யாதது போல வாரண்டி கேட்டும் போகாதீர்கள். விற்பதாயின் அதன் வரலாற்றைச் சொல்லியே விற்பனை செய்யுங்கள்.

அந்தக் கார்டு இப்போது மதரஸா அலமாரியில் இருக்கிறது. மின்சாரம், வணிகம் இரண்டைப் பற்றியும் பாடம் நடத்தும்போது அதை எடுத்துக் காட்டுகிறோம். பென்சிலும் நம்மிடமே திரும்பி வந்துவிட்டது.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.