வாவிக்கரையில் வந்த வழக்கு

சென்ற சித்திரை விடுமுறையில் நுவரெலியா சென்றிருந்தோம். கடல் மட்டத்திற்கு ஆறாயிரம் அடிக்கும் மேலுள்ள அந்நகருக்கு அணிசெய்வது, 1873இல் அமைக்கப்பெற்ற கிரகரி வாவி. அதன் கரையில் மூடுபனியிடையே எமது காரைப் பின்செலுத்தி நிறுத்துகையில், அங்கு நின்ற முச்சக்கரவண்டியின் விளக்கை உடைத்துவிட்டோம். அதன் சாரதியைக் காணோம். “போய்விடலாமே” என்றது மனம். பின்னாசனத்துப் பிள்ளைகளோ எம்மையே நோக்கினர். காத்திருந்தோம்.

விபத்து நேரின் வண்டியை நிறுத்திப் பெயரும் முகவரியும் கொடுத்தல், 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்த கடமையன்றோ! பொலிஸார் கவனயீனமெனக் குற்றஞ்சாட்டினர். இரு வாரங்களின் பின் மீண்டும் மலையேறி, நீதவான் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினோம். வெளியே வந்ததும், அச்சாரதியே எம்மைத் தேநீர் அருந்த அழைத்தார். அன்று பனி விலகியிருந்தது. வாவி முழுவதையும் கண்குளிரக் கண்டோம்.