இரவுப் பணியும் ஒரு வீடியோ காசெட்டும்

நமது சங்க இதழில் கொலைப் படம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தால் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொங்கல் விழாவுக்கும் திருக்குறள் வகுப்புக்கும் இடையே கத்தியும் குருதியும் எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அப்படம் நம் இல்லத்தில் புகுந்து விளைத்த துன்பமும், அது தீர்ந்த வகையும், வெளியூரில் குடும்பம் நடத்தும் பிறருக்கும் பயன்படலாம் என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

1985-ஆம் ஆண்டு. நாம் அப்போது பம்பாயில், செம்பூரில் குடியிருந்தோம். நம் மனைவியார் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகப் பணியாற்றி வந்தார். மாதத்தில் ஒரு வாரம் அவருக்கு இரவுப் பணி. மாலை ஏழு மணிக்கு வெள்ளுடையுடன் புறப்பட்டாரானால் மறுநாள் காலையில்தான் திரும்புவார். அவ்வாரங்களில் ஒன்பது வயது மகளுக்குச் சோறிட்டு உறங்க வைப்பது நம் பொறுப்பு.

கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, சனிக்கிழமைகளில் டெக்கும் காசெட்டுகளும் வாடகைக்கு எடுப்பது வழக்கம். அப்படி ஓர் இரவு, தமிழ்ப் படம் இரண்டு முடிந்த பிறகு, கடைக்காரர் உபரியாகக் கொடுத்தனுப்பிய ஆங்கிலக் காசெட் ஒன்றையும் போட்டார்கள். பெண்கள் எழுந்து சென்றுவிட்டனர். மகள் பாயில் உறங்குகிறாள் என்று நினைத்து நாம் அமர்ந்திருந்தோம். அவள் உறங்கவில்லை. போர்வையின் இடுக்கு வழியே முழுவதையும் பார்த்திருக்கிறாள்.

அப்படத்தின் பெயர் ‘ஹாலோவீன் 2’. ஜான் கார்ப்பென்டர் 1978-இல் குறைந்த செலவில் எடுத்துப் பெரும் பொருள் ஈட்டிய ‘ஹாலோவீன்’ படத்தின் தொடர்ச்சியாக 1981-இல் வெளிவந்தது. கதையைக் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் எழுத, ரிக் ரோசென்தால் இயக்கினார். முதற்படம் முடிந்த அதே இரவில் இது தொடங்குகிறது. வெள்ளை முகமூடி அணிந்த மைக்கேல் மையர்ஸ் என்னும் கொலைஞனிடமிருந்து தப்பிய லோரி என்ற பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். அவனும் அங்கே வந்து சேர்கிறான். இருண்ட நடைகளில் நர்ஸுகள் ஒருவர் பின் ஒருவராக மாய்கிறார்கள். முதலில் எடுத்த அளவில் அச்சம் போதவில்லை என்று கருதிய கார்ப்பென்டர், குருதிக் காட்சிகள் சிலவற்றைத் தாமே எடுத்துச் சேர்த்தாராம்.

மறுநாள் மாலை. மனைவியார் வெள்ளுடை உடுத்தியதும் மகள் ஓடி வந்து முந்தானையைப் பற்றிக்கொண்டாள். “அம்மா, போகாதே. முகமூடிக்காரன் வருவான். நர்ஸுகளைத்தான் முதலில் கொல்வான்” என்று வீறிட்டாள். அவ்வாரம் முழுவதும் இதே நிலை. குழந்தை உண்ணவில்லை, நள்ளிரவில் எழுந்து வாயிற்கதவின் அருகே அமர்ந்துகொள்வாள். மனைவியாரோ மூன்று நாள் தாமதமாகச் சென்று மேலதிகாரியிடம் கடுஞ்சொல் கேட்டார்.

ஊரில் கட்டிய வீட்டுக் கடனும், தம்பியின் படிப்பும் அவருடைய சம்பளத்தை நம்பியிருந்தன. இருந்தும், குழந்தையின் நிலை காணப் பொறாமல், “வேலையை விட்டுவிடேன்” என்று சொல்லிவிட்டோம். அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். “படத்தைப் போட்டுப் பார்த்தவர் நீங்கள். அதற்கு நான் வேலையை விட வேண்டுமா?” என்றார். நம்மிடம் விடை இல்லை.

வழி கண்டவரும் அவரே. தலைமை நர்ஸிடம் அனுமதி பெற்று, ஓர் இரவு ஒன்பது மணிக்கு மகளை அழைத்துவரும்படி நம்மைப் பணித்தார். வார்டில் கட்டில்கள் இரு வரிசையாக நிறைந்திருந்தன. இடமின்றித் தரையிலும் படுத்திருந்தார்கள். ஒரு மூதாட்டி மருமகளை வைதுகொண்டிருந்தார். ஆயா வெந்நீர்ப் பாத்திரத்துடன் நடந்தார். வார்டுபாய் தேநீர் கொண்டுவந்தார். யாரோ தண்ணீர் கேட்டார், யாரோ இருமினார், நம் மனைவியார் வெப்பமானியும் பதிவேடுமாகக் கட்டிலுக்குக் கட்டில் சென்றார். ஒரு மணி நேரம் முக்காலியில் அமர்ந்து பார்த்திருந்த மகள், வெளியே வந்ததும், “அப்பா, அந்தப் படத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளே இல்லையே! கைக்குழந்தைகள் மட்டுந்தானே இருந்தார்கள்?” என்றாள். அன்றிரவு உறங்கினாள். அச்சம் அடியோடு அகன்றதென்று சொல்ல மாட்டோம். ஆனால் முந்தானையைப் பற்றவில்லை.

ஆண்டுகள் உருண்டோடின. மனைவியார் ஓய்வு பெற்றார். மகள் மணமாகி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் குடியேறினாள். 2013 அக்டோபரில் நாங்கள் அங்குச் சென்றிருந்தபோது, ஒரு சிறு பெட்டியை எடுத்து வந்தாள். அதே ‘ஹாலோவீன் 2’! ஸ்க்ரீம் ஃபாக்டரி நிறுவனம் 2012-இல் இரு வட்டுகளாக வெளியிட்ட பதிப்பு அது. கதையில் வரும் ஹாடன்ஃபீல்டு கற்பனை ஊர்தான் என்றாலும், அப்பெயரில் உண்மையான ஊர் ஒன்று நியூ ஜெர்சியில் இருப்பதாகவும், டெப்ரா ஹில்லின் சொந்த ஊர் அதுவே என்றும் கூறினாள். “அம்மா இதை ஒருமுறையும் பார்த்ததில்லை. இன்று அம்மாவோடு பார்க்க வேண்டும்” என்றாள்.

பார்த்தோம். அகன்ற திரைக்கென டீன் கண்டி ஒளிப்பதிவு செய்த படம் அது. அகலம் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் ஏறக்குறையச் சதுரமான திரைக்காக, காசெட்டில் இரு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். போதாக்குறைக்கு நாம் வாடகைக்கு எடுத்தது நகலின் நகல். இருளெல்லாம் ஒரே கரும்புகையாகத் தெரிந்தது. வட்டிலோ ஓரங்கள் மீண்டிருந்தன. சுவரும் கதவும் விளக்கும் அதனதன் இடத்தில் தெளிவாக இருந்தன. “அப்போது அவன் எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை, அப்பா. இப்போது தெரிகிறது” என்றாள் மகள்.

மனைவியாருக்கு அச்சம் ஏற்படவில்லை, சினமே ஏற்பட்டது. “இத்தனை பெரிய ஆஸ்பத்திரிக்கு இரவில் இத்தனை பேர்தானா? வார்டைப் பார்ப்பது யார்?” என்றார். ஒரு நர்ஸ் பணி நேரத்தில் காதலனுடன் வெந்நீர்த் தொட்டியில் இறங்கியபோது, கொலைஞனைவிட அவள் மீதே அவருக்கு ஆத்திரம் மிகுந்தது. “இவளுக்கு மெமோ கொடுக்க ஆளில்லையா?” என்று அவர் கேட்க, மகள் வயிறு குலுங்கச் சிரித்தாள். ஒன்பது வயதில் வீறிட்ட அதே காட்சிதான் அது.

இரண்டாம் வட்டில், அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மாற்றியமைத்த வடிவம் இருந்தது. திரையரங்கு வடிவில், லோரிக்குத் துணை நின்ற ஜிம்மி என்னும் இளைஞன் அடிபட்டு மயங்கிச் சாய்வதோடு சரி. பிழைத்தானா என்று சொல்வதில்லை. இவ்வடிவிலோ, தலையில் கட்டுடன் ஆம்புலன்ஸில் அவள் அருகே இருக்கிறான். “இதுதான் சரி. கட்டுப் போட்டவர் யாரோ இருந்திருக்கிறாரே!” என்றார் மனைவியார்.

அன்பர்களே, காசெட்டும் வட்டும் போய், இன்று உங்கள் பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியிலேயே இத்தகைய படங்கள் வந்துவிடுகின்றன. பூட்டி வைக்க அலமாரி இல்லை. பிள்ளை பார்த்து அஞ்சிவிட்டால் வைய வேண்டா. நாம் செய்ய எண்ணியது போல் அந்த அச்சத்துக்குக் குடும்பத்தின் பிழைப்பையும் விலையாகக் கொடுக்க வேண்டா. அந்த அச்சம் எந்த இடத்தைப் பற்றியதோ, அங்கே கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். படம் எடுத்தவர்கள் விட்டுவிட்ட மனிதர்கள் அங்கே விழித்திருப்பார்கள்.