நரசிம்மர் மலையில் நவாப் கணக்கு

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற ரயிலில் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார இடம் கிடைத்தால், அன்றைக்கு உங்கள் ராசிபலன் பலித்துவிட்டது என்று அர்த்தம். எனக்குக் கிடைத்தது. நண்பனுக்குக் கிடைக்கவில்லை. ஏற்கெனவே கடுப்பில் இருந்தவன் இன்னும் கடுப்பானான்.

அவன் கடுப்புக்குக் காரணம் நாற்பது சென்ட் நிலம். தாத்தா சொத்து. சித்தப்பா பையன் வேலி போட்டுவிட்டான். பேச்சுவார்த்தை முறிந்து ஆறு மாசம் ஆகிறது. இந்த நேரத்தில் வாலாஜாபாத் பக்கம் ஒரு ஃபைனான்ஸ்காரர் ஆபத்பாந்தவனாக வந்து சேர்ந்தார். "கேஸ் செலவு பூரா நான் பாத்துக்கறேன் தம்பி. நிலம் கைக்கு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றாராம். நாலு மணிக்கு அவரைப் பார்க்க வேண்டும். துணைக்கு நான். பி.காம். படித்தவன் பக்கத்தில் இருந்தால் கௌரவமாக இருக்குமாம்!

காலை ரயிலை விட்டால் வேறு வழியில்லை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டோம். நாலு மணி வரை என்ன செய்வது? வாலாஜாபாத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கினோம். பழையசீவரம்.

சின்ன ஸ்டேஷன். சின்ன ஊர். சின்ன மலை. மலை மேலே லட்சுமி நரசிம்மர். படி ஏறி, தரிசனம் முடித்து, மண்டபத்தில் உட்கார்ந்தால் கீழே பாலாறு. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேர்கிற இடம் இது. எதிர்க்கரை ஊருக்குப் பெயரே திருமுக்கூடல். தடுப்பணை கட்டிய பிறகு மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. மற்ற மாதங்களில் மூன்று ஆறும் சேர்ந்து மணலாக ஓடுகிறது.

மண்டபத்தில் ஒரு தாத்தா. எங்களைப் பார்த்ததும், "பாரிவேட்டை அன்னிக்கி வந்திருக்கணும் தம்பி" என்று ஆரம்பித்தார்.

பொங்கல் முடிந்த மறுநாள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் அத்தனை தூரம் கடந்து இந்த மலைக்கு வருவார். இங்கே மரியாதை எல்லாம் வாங்கிக்கொண்டு, நரசிம்மரையும் கூட அழைத்துக்கொண்டு, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே வந்து சேருவார்கள். காஞ்சி மூலவரே ஒரு காலத்தில் இங்கிருந்து போனவர்தான், அந்த நன்றிக்குத்தான் வருஷா வருஷம் வருகிறார் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்கிற கதை.

"அவ்ளோ பெரிய பெருமாள் வராரே, எத்தனை நாள் இருப்பார் ஐயா?" என்று கேட்டேன்.

"இருக்கறதாவது! வந்தா வந்த காரியத்தைப் பாத்துட்டுக் கிளம்பிடுவாரு. அவர் ஊர் அவருக்கு, எங்க ஊர் எங்களுக்கு."

தாத்தா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பி.காம்.காரனுக்கு ஒரு வியாதி உண்டு. சாமி கும்பிடும்போதே உண்டியல் வசூல் எவ்வளவு என்று மனசு கணக்குப் போடும். வந்துவிட்டுத் திரும்பிப் போகாத ஒரு விருந்தாளியின் கணக்கு இந்தக் கரைகளில்தான் எழுதப்பட்டது. அடுத்த ஸ்டேஷன் பெயரிலேயே அது இருக்கிறது. வாலாஜாபாத்!

வாலாஜா என்பது ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர். அவர் கதையை நண்பனுக்குச் சொன்னேன். கதையும் பங்காளிச் சண்டைதான்.

1749-ல் ஆம்பூர் சண்டையில் நவாப் அன்வருதீன் செத்துப்போனார். பதவிக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவர் அவர் மகன் முகமது அலி. இன்னொருவர் பழைய நவாப் வம்சத்து மாப்பிள்ளை சந்தா சாகிப். சந்தா சாகிப்புக்குப் பின்னால் புதுச்சேரி டூப்ளே. முகமது அலிக்குப் பின்னால் சென்னை கம்பெனி. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்ஸும் 1748-லேயே சமாதானம் பேசி முடித்தாயிற்று. அதனால் நேரடியாக அடித்துக்கொள்ள முடியாது. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்று அடித்துக்கொண்டார்கள்!

1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1752-ல் சந்தா சாகிப்பின் தலை போனது. 1760-ல், இந்த மலையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்கள் கதை முடிந்தது. 1763-ல் பாரிஸில் ஒப்பந்தம். அதில் ஒரு ஷரத்து: கர்நாடகத்துக்கு முகமது அலியே நவாப். ஆற்காட்டுக்கு யார் நவாப் என்பதை பாரிஸில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆற்காடு அங்கே வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. வெறும் வழக்குச் சொத்து!

"அப்ப ஜெயிச்சுட்டாரே?" என்றான் நண்பன்.

"ஜெயிச்சார். அப்புறம் பில் வந்தது."

படை அனுப்பியது கம்பெனி. செலவை எழுதியதும் கம்பெனி. அதே வருஷம், 1763-ல், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தை நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். நாம் உட்கார்ந்திருக்கிற பகுதிதான். அடுத்தது என்ன தெரியுமா? அதே ஜாகீரைக் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து 1780 வரை அவரே நடத்தினார். சொந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்கிற கதை! இந்த மாதிரி ஒரு பதிவை லெட்ஜரில் எழுதியிருந்தால் எங்கள் காலேஜ் புரொபசர் சாக்பீஸாலேயே அடித்திருப்பார்.

பணத்துக்கு என்ன செய்வார்? கடன். யாரிடம்? கம்பெனி உத்தியோகஸ்தர்களிடமே! ஆபீசுக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்கு ஆபீஸ் கிளார்க்கிடமே கைமாற்று. வட்டி ஆரம்பத்தில் 20 சதவீதத்துக்கும் மேலே. 1785-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் எட்மண்ட் பர்க் எழுந்து 'நவாப் கடன்' என்றே ஒரு நீண்ட பேச்சுப் பேசினார். பின்னாளில் கமிஷன் போட்டுப் பார்த்தபோது, வந்த பாக்கிக் கோரிக்கை மூன்று கோடி பவுனுக்கு மேல். நிஜமான கடன் என்று ஒப்புக்கொண்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

நடுவில் 1780. மைசூர் ஹைதர் அலி கம்பெனி மேல் இருந்த கோபத்தில் இறங்கி வந்தார். வடக்கே புள்ளலூரில் கர்னல் பெய்லி படை நாசமானது. காஞ்சிபுரத்தில் இருந்த மன்றோ பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ராஜாக்கள் அடித்துக்கொண்டதில் எரிந்தது ஜாகீர் கிராமங்கள். யாரையும் துணைக்குக் கூப்பிடாத குடியானவன் வீடுதான் முதலில் எரிந்தது.

1795-ல் முகமது அலி காலமானார். 1801-ல் ராஜ்ஜியம் முழுக்கக் கம்பெனி கைக்குப் போனது. 1855-ல் நவாப் பட்டமும் போனது. சேப்பாக்கம் அரண்மனையை அரசாங்கம் ஏலத்தில் எடுத்தது. குடும்பத்துக்கு மிஞ்சியது 'ஆற்காடு இளவரசர்' என்ற மரியாதைப் பட்டம்.

"கூப்பிடாமலே இருந்திருக்கலாம்ல?" என்றான்.

அங்கேதான் சிக்கல். அப்பாவைக் கொன்றவர்கள் துரத்துகிறார்கள், திருச்சிக் கோட்டையில் மாட்டிக்கொண்டாயிற்று, வேறு யாரைக் கூப்பிடுவது? பிரெஞ்சுக்காரர்களைக் கூப்பிட்ட சந்தா சாகிப் மட்டும் வாழ்ந்தாரா? சின்னவர்களுக்குப் பெரியவர் துணை தேவைப்படுகிற நேரம் வரத்தான் செய்யும். கூப்பிட்டது தப்பில்லை. செலவுக் கணக்கை வந்தவர் கையிலேயே விட்டதும், திரும்பிப் போகிற தேதியைக் கேட்காததும்தான் தப்பு.

இது நம்ம ஊர் கதை மட்டுமில்லை. போர்த்துக்கீசியரை விரட்ட 1638-ல் கண்டி ராஜா இரண்டாம் ராஜசிங்கன் டச்சுக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார். யுத்தச் செலவு அவர் பொறுப்பு. போர்த்துக்கீசியர் போனார்கள். செலவு பாக்கி என்று சொல்லிக் கோட்டைகளில் டச்சுக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் பழமொழி.

அதே இலங்கை 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. கைக்கு வந்தது சுமார் 112 கோடி டாலர். சரி, சீனாவால்தான் இலங்கை திவாலானது என்று டீக்கடையில் பேசுகிறார்களே? 2022-ல் வெளிநாட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தபோது, சீனாவுக்குத் தர வேண்டியதைவிட, கடன் பத்திரம் வாங்கிய வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் தர வேண்டியதுதான் அதிகம். அந்த வருஷம் இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி கொடுத்தது. பெரிய அண்ணன் இரண்டு பேர் இருந்தால் சின்னத் தம்பிக்குக் கொஞ்சம் பேரம் பேச முடிகிறது. நவாபுக்கு வந்தவாசிக்குப் பிறகு அந்த வசதியும் இல்லை. ஒரே அண்ணன். அவர் சொன்னதுதான் கணக்கு.

நண்பன் ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு மணிக்கு வாலாஜாபாத். நல்ல வீடு, நல்ல காபி. "வா தம்பி, வக்கீல்கிட்ட பேசிட்டேன்" என்றார் ஃபைனான்ஸ்காரர்.

நண்பன் காபியைக் கீழே வைத்தான். "சார், செலவு எவ்வளவு ஆகும், வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில முடிச்சுக்கறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமா?"

அவர் சிரித்தார். "நமக்குள்ள என்ன தம்பி எழுத்து? நான் என்ன அந்நியனா?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். "யோசிச்சுட்டு வரேன் சார்" என்று எழுந்துவிட்டான். அவர் முகம் மாறியது. வாசல் வரை வரவில்லை.

திரும்பும் ரயிலில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பழையசீவரம் தாண்டும்போது மலை மேலே விளக்கு தெரிந்தது. அதுவரை பேசாமல் வந்தவன் செல்போனை எடுத்து எதையோ தேடினான். தேடித் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"சித்தப்பா பையன் நம்பரை அழிச்சுட்டேன்டா. உன்கிட்ட இருக்கா?"